தட்டிப் பார்த்தவள்

சர்க்கரை ஆலையின் பெண்கள் வாசலில் கவுதா வேலை பார்த்த காலம் முழுக்க, அந்த ஊரில் அவளுக்குக் கைகொடுத்துப் பேசியவர்கள் குறைவு. கல்யாண வீட்டிலும் இழவு வீட்டிலும் பெண்கள் அங்கத்து வழக்கப்படி முழந்தாளிட்டு வணக்கம் சொல்வார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. கையை மட்டும் உடுப்பின் மடிப்புக்குள் வைத்துக்கொள்வார்கள். தங்கள் அக்குளையும் இடுப்பையும் தினமும் சாயங்காலம் தடவிப் பார்க்கும் கையை, ஞாயிற்றுக்கிழமையும் தொட யாருக்குத்தான் மனசு வரும்?

ஆலையிலிருந்து சர்க்கரை வெளியே போகக் கூடாது. அதற்குத்தான் கவுதாவுக்குச் சம்பளம். சர்க்கரை தலைத்துணி மடிப்பில் போகும், சாப்பாட்டுத் தூக்கின் அடித்தட்டில் போகும், முதுகில் கட்டிய குழந்தையின் துணிக்குள் போகும். பசி நேரத்தில் குழந்தை அழாமல் பேசாமல் இருந்தால், அது எதையோ சப்பிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

"துணி பொய் சொல்லும். உடம்பு சொல்லாது" என்பாள்.

வீட்டிலும் அவள் கண்ணும் மூக்கும் ஓய்ந்ததில்லை. புருஷன் சட்டையில் வீட்டில் இல்லாத சோப்பு வாசனை வந்தபோது, ஒரு வார்த்தை கேட்காமல் அவனுடைய துணிகளை மூட்டை கட்டி வாசலில் வைத்தாள். அவன் ஏரித் தீவுக்கு மீன் வியாபாரத்துக்குப் போனான், அந்தச் சோப்பு வாசனைக்காரியோடு அங்கேயே தங்கிவிட்டான். கவுதா தன் அண்ணன் பிள்ளைகளை வளர்த்தாள். சந்தேகப்பட்டு அவள் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. அதனால் அந்தப் பழக்கத்தை விடவேண்டிய அவசியம் அவளுக்கு வந்ததே இல்லை.

மார்பில் கட்டி வந்தபோது முதலில் அண்டை வீட்டுக்காரியைச் சந்தேகப்பட்டாள், செய்வினை என்று. பிறகு நாட்டு வைத்தியனைச் சந்தேகப்பட்டாள், காசு பிடுங்குகிறான் என்று. கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியையும் சந்தேகப்பட்டாள். இப்படி ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டு முடிப்பதற்குள் கட்டி வளர்ந்துவிட்டது. வலது மார்பை எடுத்தார்கள். மீதிக்கு மருந்து ஏற்றவேண்டும், கம்பாலாவுக்குப் போகவேண்டும் என்றார்கள்.

கூட வந்தவள் அண்ணன் மகள் கககோயா. சந்தையில் சப்பாத்திக் கல் வைத்திருப்பவள். கல்லைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு, பாயும் கரியடுப்பும் சட்டியும் சப்பாத்திக் கட்டையுமாக அத்தையோடு கிளம்பினாள்.

மருந்து ஏற்றும் ஆஸ்பத்திரி குன்றின்மேல் இருந்தது. தூரத்து ஊர்க்காரர்கள் தங்குவதற்குச் சரிவில் ஒரு விடுதி. நீளமான தகரக் கூரை, பின்பக்கம் சமையல் கொட்டகை, முற்றத்தில் ஒரு பலாமரம். குப்பைமேட்டில் வழுக்கைத் தலைப் பெருநாரைகள் கிழட்டு வக்கீல்களைப்போல் நிற்கும்.

"நம்மளையே பாக்குதுங்க பாரு. யாரு முதல்ல போவான்னு" என்றாள் கவுதா, வந்து இறங்கியதும்.

"அதுங்க எல்லாரையும்தான் பாக்குது, அத்தை. உங்களைத் தனியா என்ன பாக்கப் போகுது?"

முதல் மருந்து எப்படியோ கழிந்தது. அடுத்ததற்குப் பிறகு தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடினால் நெஞ்சு உலக்கை குத்துவதுபோல் அடித்துக்கொள்ளும். அடுத்த மருந்து நாள் நெருங்க நெருங்க உள்ளங்கை வியர்க்கும். ஊசி குத்தும் நர்ஸின் செருப்புச் சத்தத்தை நினைத்தாலே குமட்டும். முடி கொத்துக் கொத்தாகப் பாயில் கிடந்தது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். கேழ்வரகுக் கஞ்சி ஆறிப்போய் ஏடு கட்டியது.

இதையெல்லாம்கூடக் கககோயா தாங்கிக்கொண்டாள். ஒரு நாள் கரி வாங்கிக்கொண்டு வந்தபோது, அத்தை விலை கேட்கவில்லை. மூட்டையின் அடியில் தூள் இருக்கிறதா என்று கொட்டிப் பார்க்கச் சொல்லவில்லை. அன்றுதான் கககோயா கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதாள்.

அங்கே வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்த விடுதிச் சமையல்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

"அத்தைக்கு. தூங்க மாட்டேங்குறாங்க. திட்டக்கூட மாட்டேங்குறாங்க."

"திட்டு நின்னுபோச்சா? அப்போ கஷ்டந்தான். மத்தியானம் பலாமரத்தடிக்குக் கூட்டிட்டு வா. நாங்க கொஞ்ச பேரு உக்காந்து தட்டுவோம்."

"என்னத்தைத் தட்டுவீங்க?"

"எங்க மூஞ்சியை நாங்களேதான்" என்றாள் சமையல்காரி.

அவள் பெயர் நங்கோபி. தன் தாயை இதே விடுதியில் வைத்துப் பார்த்து, இங்கேயே பறிகொடுத்தவள். அப்போது ஆஸ்பத்திரியில் மனநல நர்ஸ் ஒருத்தி, கூட இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பயத்தையோ துக்கத்தையோ வாயால் சொல்லிக்கொண்டு, விரல் நுனியால் புருவத்தில், கண்ணோரத்தில், மூக்குக்குக் கீழே, தாடையில், காறை எலும்பில், அக்குளுக்குக் கீழே, உச்சந்தலையில் மெல்லத் தட்டுவது. தாய் போன பிறகு நங்கோபி ஊருக்குத் திரும்பவில்லை. சமையலுக்கு ஆள் வேண்டும் என்றார்கள், இருந்துவிட்டாள்.

மத்தியானம் கககோயா அத்தையைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். முற்றத்தில் மொட்டைத் தலைப் பெண்கள் பாயில் உட்கார்ந்து, தங்கள் முகத்தைத் தாங்களே தட்டிக்கொண்டிருந்தார்கள். கவுதா ஓரமாக உட்கார்ந்தாள். நடுவில் இருந்தவளின் முகத்தைப் பார்த்தாள். பார்த்த கண்ணை எடுக்கவில்லை.

அந்த முகம் அவளுக்குத் தெரியும்.

பல வருஷங்களுக்கு முன்னால், மூட்டை தைக்கும் பிரிவில் ஒரு ஒல்லிப் பெண் இருந்தாள். கர்ப்பமாக இருந்தாள். வயிறு நாளுக்கு நாள் அழகாக வளர்ந்தது. கர்ப்பிணிகளின் வயிற்றில் யாரும் கைவைக்க மாட்டார்கள், கவுதாவும் வைத்ததில்லை. ஆனால் அந்தப் பெண் காலையில் வரும்போது வேகமாக நடந்தாள், சாயங்காலம் போகும்போதுதான் இடுப்பில் கைவைத்து அசைந்து அசைந்து நடந்தாள். கவுதா அவளை நிறுத்தி வயிற்றை அழுத்தினாள். பிள்ளை நறநறவென்றது. துணியை அவிழ்த்ததும் சர்க்கரை வாசலெல்லாம் கொட்டியது. வரிசையில் நின்ற நூறு பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வேலை போனது. வேலையைவிடப் பேர் கெட்டதுதான் பெரிது. சந்தையில் அவள் தலையைக் கண்டால் சிறுபிள்ளைகள்கூட "சர்க்கரைப் பிள்ளை எப்படியிருக்கு? பல் முளைச்சுதா?" என்று கேட்டார்கள். ஒரு நாள் அவள் ஊரிலேயே இல்லை.

அவள்தான் இவள். நங்கோபி.

"எழுந்திரு, போலாம்" என்றாள் கவுதா, கககோயாவின் காதில்.

"இப்பத்தானே உக்காந்தோம்?"

"எழுந்திருன்னா எழுந்திரு."

அறைக்கு வந்ததும் கதவைச் சாத்தினாள். "அவ சமைக்கிறதை இனிமே நான் தொட மாட்டேன். நீயே வெளியில அடுப்பு வெச்சு ஆக்கு. தண்ணியையும் நீயே புடிச்சிட்டு வா."

விஷயத்தைக் கேட்டுக் கககோயா வாயில் கைவைத்தாள். பயத்தில் அல்ல, சிரிப்பை அடக்க. "வயித்துலயா? சர்க்கரையா?"

"சிரிக்கிறியா? அவ எனக்குச் சோறு போடுறா. என் தலைமாட்டுல நின்னு தட்டக் கூப்புடுறா. உச்சந்தலையில தட்டினா என்ன இறங்கும்னு உனக்குத் தெரியுமா?"

"அவங்க தட்டலை அத்தை. அவங்கவங்க தலையை அவங்கவங்கதான் தட்டுறாங்க."

"அதான் தந்திரம். நம்ம கையாலயே நமக்குச் செய்வினை."

அன்றிலிருந்து கவுதாவுக்கு ஒரு வேலை கிடைத்தது. மத்தியானம் ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்து முற்றத்தைப் பார்த்தாள். நங்கோபி யாருக்கு எதைக் கொடுக்கிறாள், யார் காதில் என்ன சொல்கிறாள், எல்லாவற்றையும் கவனித்தாள். நங்கோபியோ தலை தூக்கிக்கூட ஜன்னலைப் பார்க்கவில்லை. 'தெரியாதவள்போல் நடிக்கிறாள்' என்று கவுதா நினைத்தாள். தூக்கம் முன்னைவிட மோசமானது. ஆனால் கஞ்சியைக் குடித்தாள். காவல் இருக்கத் தெம்பு வேண்டுமல்லவா?

முற்றத்துக் கூட்டத்தில் முத்தேசி என்று ஓர் இளம்பெண் இருந்தாள். இகாங்கா ஊர்ப்பக்கத்துக்காரி. ஊரில் இரண்டு பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்தவள். கவுதாவுக்கு இருந்த அதே நோய், நரம்பில் ஏற்றும் அதே சிவப்பு மருந்து. வந்த புதிதில் ஓயாமல் வாந்தி எடுத்து, பாயோடு பாயாகக் கிடந்தாள். தட்ட ஆரம்பித்தபின் கொஞ்சம் தேறினாள். பிறகு ரொம்பவே தேறினாள். பாட்டுப் பாடிக்கொண்டு துணி துவைத்தாள்.

எல்லோருக்கும் சந்தோஷம். "தட்டல் முத்தேசிக்கு நல்லாக் கேக்குது" என்றார்கள். நங்கோபியும் அப்படித்தான் சொன்னாள்.

கவுதாவுக்கு அது உறுத்தியது. மருந்து நாளில் முத்தேசி குன்றேறிப் போனாள், எல்லோரையும்விடச் சீக்கிரம் திரும்பினாள். புறங்கையில் ஊசி குத்திய இடத்துப் பஞ்சு இல்லை. அன்று சாயங்காலமே வறுத்த மரவள்ளிக்கிழங்கை ஆசையாகத் தின்றாள். தலைத்துணி நழுவியபோது கவுதா பார்த்தாள், மொட்டைத் தலையில் பச்சைக் குழந்தைக்குப்போல் முடி அரும்பியிருந்தது.

மருந்து ஏறுகிற உடம்பில் முடி முளைக்காது.

மறுநாள் காலை, கிணற்றடிக்குப் போன முத்தேசியைச் சமையல் கொட்டகையின் பின்பக்கம் நிறுத்தினாள் கவுதா. யாரும் இல்லை.

"கையைத் தூக்கு."

"எதுக்குப் பெரியம்மா?"

"தூக்குன்னேன்."

அந்தக் குரலுக்கு ஒரு ஆலையே கையைத் தூக்கியிருக்கிறது. முத்தேசியும் தூக்கினாள். கவுதாவின் வலது கை வீங்கியிருந்தது, மேலே எழவில்லை. இடது கையால் தடவினாள். அக்குள், விலா, இடுப்பு. இடுப்புமணிச் சரத்தில் விரல் நின்றது. மணிகளோடு சேர்த்துக் கட்டிய ஒரு சின்னக் குப்பி. மூடியைத் திறந்து முகர்ந்தாள். இஞ்சியும் ஏதோ பச்சிலையும்.

"ஆஸ்பத்திரிக்குப் போறியா இல்லையா? உண்மையைச் சொல்லு."

முத்தேசி கையை இறக்கினாள். "வாசல்வரைக்கும் போவேன், பெரியம்மா. அப்புறம் திரும்பிடுவேன். தட்டினா நோய் தோலுக்கு வந்து வெளிய போயிடுமாம். டிரிப் ஏத்தினா அது மறுபடியும் உள்ள போயிடுமாம். ரெண்டும் ஆகாதாம். தட்டுறதும் இந்தச் சொட்டும் போதும்னாங்க."

"யாரு சொன்னா?"

"சொல்லக் கூடாது. பேரைச் சொன்னா மருந்து பலிக்காதாம்."

"அவதானே? சோறாக்குறவ?"

முத்தேசி தலையைக் குனிந்துகொண்டு அழுதாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கவுதாவுக்கு அது போதுமாக இருந்தது. திருட்டைப் பிடித்த நாளில் வாசலில் எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள்.

மத்தியானம் கூட்டம் கூடியது. நங்கோபி பாயை உதறிப் போட்டுத் தட்ட ஆரம்பித்தாள். பின்வரிசையில், எப்போதும்போல், இசிகோ உட்கார்ந்திருந்தான். அவன் யாருக்கும் உறவு கிடையாது. இஸ்திரி போட்ட சட்டையும் தோளில் பையுமாக வருவான். கிழவிகளுக்குத் தண்ணீர்க் குடம் தூக்குவான், செத்தவர்களுக்காக ஜெபம் பண்ணுவான், எல்லோரையும் 'அம்மா, அம்மா' என்பான். நல்ல பையன் என்று விடுதியே சொன்னது. கவுதாகூட அவனை ஒருமுறைக்குமேல் பார்த்ததில்லை. அவள் கண்தான் நங்கோபியை விட்டு நகரவே இல்லையே.

"நிறுத்து" என்றாள் கவுதா. குப்பியை உயர்த்திக் காட்டினாள். "இது என்னன்னு எல்லாருக்கும் சொல்லு, நங்கோபி. சர்க்கரையில ஆரம்பிச்சே. இப்போ விஷத்துக்கு வந்துட்டியா?"

நங்கோபியின் கை பாதி புருவத்தில் நின்றது.

"என்னது அது?"

"முத்தேசி இடுப்புல இருந்தது. அவ மருந்து ஏத்திக்கிறதை நிறுத்தி எவ்வளவு நாளாச்சு, தெரியுமா உங்களுக்கெல்லாம்? ஒன்னா தட்டு, இல்லன்னா டிரிப்பு, ரெண்டும் ஆகாதுன்னு யாரோ சொல்லிக்குடுத்திருக்காங்க. இங்க தட்டக் கத்துக்குடுக்குறது யாரு?"

நங்கோபி எழுந்தாள். கவுதாவைப் பார்க்கவில்லை. நேராக முத்தேசியிடம் போய், அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "நீ மருந்து ஏத்திக்கலையா? அடிப் பாவி, ஏத்திக்கலையா? நான் என்ன சொன்னேன்? தினமும் என்ன சொன்னேன்? இது நோயைத் தீர்க்காது, நோயோட இருக்கிற பயத்துக்கு மட்டும்தான்னு சொன்னேனா இல்லையா? எங்கம்மா தட்டிக்கிட்டேதான்டி செத்தாங்க!"

அந்தக் கடைசி வார்த்தை வெளியே வந்த விதத்தைக் கவுதா கேட்டாள். ஆயிரம் பொய்யைக் கேட்ட காது. இது பொய் இல்லை என்று அந்தக் காது சொன்னது. அவள் கையிலிருந்த குப்பி தாழ்ந்தது.

அப்போது முத்தேசியின் கண் ஒரு நொடி பின்வரிசைக்குப் போய்த் திரும்பியது. அவ்வளவுதான். கவுதாவும் பார்த்தாள், நங்கோபியும் பார்த்தாள்.

இசிகோ எழுந்து பையைத் தோளில் மாட்டினான். "எனக்கு வண்டிக்கு நேரமாச்சு, அம்மா. நீங்க பேசிக்கிட்டிருங்க. கர்த்தர் உங்களோட இருப்பாரு."

"உன்னோடயும் இருக்கட்டும்" என்றாள் கவுதா. "கொஞ்சம் நில்லு."

அவன் நடையை எட்டிப் போட்டான். கவுதாவால் ஓட முடியாது. ஆனால் அவள் விடுதி வாசலுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். ஒரு அடி நகர்ந்து இரும்புக் கதவை முதுகால் சாத்தி, அதன்மேல் சாய்ந்துகொண்டாள். மொட்டைத் தலை, வீங்கிய கை, மெலிந்த உடம்பு. தள்ளினால் விழுந்துவிடுவாள். அவனுக்குத் தள்ளத் தைரியம் வரவில்லை, கககோயா வேறு சப்பாத்திக் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"பையைத் திற" என்றாள் கவுதா.

பையில் ஒரு வேதப்புத்தகமும் சீப்பும் கைக்குட்டையும்தான் இருந்தன. இசிகோ கையை விரித்துக் காட்டிச் சிரித்தான். "பாத்தீங்களா அம்மா? பெரியவங்க நீங்க, நோயாளி. கோபம் இல்ல எனக்கு."

கவுதா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். எங்கேயோ இருக்கிறது. ஆனால் ஆண்பிள்ளையைத் தடவிச் சோதிப்பது அவள் செய்த வேலை இல்லை, கையும் எழவில்லை. அவள் நங்கோபியைப் பார்த்தாள். பல வருஷத்துக்குப் பிறகு முதன்முறையாக இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ பாரு" என்றாள் கவுதா. "ஒளிச்சு வெச்சவளுக்குத்தான் ஒளிச்ச இடம் தெரியும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நங்கோபி சிரிக்கவில்லை. இசிகோவைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். பிறகு சட்டையை முதுகுப்பக்கம் சுருட்டித் தூக்கினாள். முதுகெலும்பின் பள்ளத்தில், இடுப்பு வாரில் செருகிய ஒரு நீளத் துணிப்பை. அதற்குள் வரிசையாகக் குப்பிகள், தோட்டா செருகிய மாதிரி.

"இவன் நேரா நிமிந்து உக்காருறப்பவே நான் யோசிச்சிருக்கணும்" என்றாள் நங்கோபி. "சாஞ்சே உக்கார மாட்டான். நான்கூட நல்ல வளர்ப்புன்னு நெனச்சேன்."

விடுதிப் பொறுப்பாளர் போலீஸைக் கூப்பிட்டார். இசிகோவைக் கொண்டுபோனார்கள். வேறு மூன்று பேர், அவனிடம் காசு கொடுத்து வாங்கிய குப்பிகளைத் தங்கள் பாய்க்கடியிலிருந்து கொண்டுவந்து போட்டார்கள். ஒரு மாதத்தில் அவன் வெளியே வந்துவிட்டான் என்றும், வேறோர் ஊரில் வேறொரு பேரில் சுற்றுகிறான் என்றும் பிறகு கேள்விப்பட்டார்கள். முத்தேசியை நங்கோபியே கையைப் பிடித்துக் குன்றேற்றி மருத்துவரிடம் கூட்டிப்போனாள். அவர் திட்டவில்லை. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, வேறு மருந்தாக மாற்றி மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். இடையில் கட்டி கொஞ்சம் வளர்ந்திருந்தது. அதை எவராலும் திருப்பி வாங்க முடியவில்லை.

மறுநாள் கவுதா சமையல் கொட்டகைக்குப் போனாள். நங்கோபி வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கவுதா கவிழ்த்துப் போட்ட குடத்தின்மேல் உட்கார்ந்தாள்.

"என்னை எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"நீங்க வண்டியை விட்டு இறங்கின அன்னிக்கே. முடி போனாலும் அந்தக் கை மறக்குமா?"

"ஏன் சொல்லல?"

"நீங்க சொன்னீங்களா?"

கவுதா கீழே கிடந்த தோலைக் காலால் ஒதுக்கினாள்.

"என்ன வேணும் உனக்கு என்கிட்ட? மனசுல வெச்சுக்காம சொல்லு."

நங்கோபி யோசித்தாள். "நீங்க பயப்படுறதைப் பாக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. ஜன்னல் வழியா என்னையே பாத்துக்கிட்டு, என் சோத்தைத் தொடாம, பயந்து பயந்து உக்காந்திருந்தீங்க. எனக்குத் தெரியும். வேணும்னேதான் பேசாம இருந்தேன். கொஞ்ச நாள் நல்லாத்தான் இருந்துது." உரித்த காயைத் தண்ணீரில் போட்டாள். "அப்புறம் சலிச்சுபோச்சு. எங்கம்மாவும் அப்படித்தான் ஜன்னல்ல உக்காந்திருப்பாங்க."

"நீ திருடினது உண்மை. நான் புடிச்சது தப்பில்ல."

"நான் எப்ப தப்புன்னேன்? திருடத்தான் செஞ்சேன். ஆனா துணியை எல்லார் முன்னாடியும் அவுத்தீங்களே. உள்ள ரூம் இருந்துதே, அக்கா."

ஆலையில் அந்த அறை இருந்தது. கவுதா அதைப் பயன்படுத்தாததற்கு ஒரு காரணமும் இருந்தது, வரிசையில் நின்றவர்களுக்குப் பயம் வரவேண்டும் என்பது. அந்தக் காரணம் அன்று சரியாகத்தான் பட்டது. இடது கையால் ஒரு வாழைக்காயை எடுத்து உரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. நங்கோபி அதை வாங்கிக்கொண்டாள்.

"தூக்கம் வருதா?"

"வந்தா இங்க ஏன் உக்காந்திருக்கேன்?"

"தட்டிப் பாக்குறீங்களா? கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். நர்ஸம்மா ஏதோ நரம்புன்னு சொன்னாங்க, எனக்குப் புரியல. சிலருக்குக் கேக்குது. சிலருக்குச் சும்மா மூஞ்சி வலிக்குது."

"மந்திரம் ஏதாச்சும் சொல்லணுமா?"

"மனசுல இருக்கிறதைச் சொல்லணும். 'எனக்கு இவ்வளவு பயம் இருந்தாலும், என்னை நான் முழுசா ஏத்துக்கிறேன்', இப்படித்தான் சொல்லிக்குடுத்தாங்க."

"அதை நான் சொல்ல மாட்டேன். பொய்."

"அப்ப எது உண்மையோ அதைச் சொல்லுங்க."

கவுதா சுற்றுமுற்றும் பார்த்தாள். கககோயா தூரத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நங்கோபி உள்ளங்கையின் ஓரத்தைத் தட்டிக் காட்டினாள், கவுதாவும் தட்டினாள். பிறகு முணுமுணுத்தாள்.

"எனக்கு எவளையும் நம்ப முடியல. உன்னையும் நம்பல. இருந்தாலும் உக்காந்திருக்கேன்."

"போதும். அதையே சொல்லுங்க" என்றாள் நங்கோபி.

புருவம். கண்ணோரம். மூக்குக்குக் கீழே. "எவளையும் நம்பல." தாடை. காறை எலும்பு. "ஊசிக்குப் பயமாயிருக்கு." அதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அக்குள் வந்ததும் நங்கோபி தடுத்தாள், "அறுத்த பக்கம் வேண்டாம், இந்தப் பக்கம்." கவுதாவின் விரல் தன் இடது விலாவைத் தொட்டது. வாழ்நாளெல்லாம் ஊரார் உடம்பை இதே இடத்தில் தொட்டவள் அவள். தன் உடம்பு இவ்வளவு மெலிந்துவிட்டது என்பது அப்போதுதான் தெரிந்தது. விலா எலும்பை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினாள். இரண்டு மூன்று சுற்று வந்தார்கள். கொட்டாவி வந்தது.

"என்னமோ கலந்திருக்கே தேத்தண்ணியில" என்றாள்.

"நீங்க என் தேத்தண்ணியைக் குடிக்கவே இல்லையே, அக்கா."

அன்று மத்தியானம் கவுதா வாய் பிளந்து, குறட்டை விட்டுத் தூங்கினாள். கககோயா பயந்துபோய் மூக்கில் கைவைத்துப் பார்த்தாள். எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. எழுந்தவுடன் அவள் கேட்ட முதல் கேள்வி, "யாரு என் செருப்பை நகத்தினது?" என்பது. கககோயா சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஒவ்வொரு நாளும் தட்டல் அப்படிப் பலிக்கவில்லை. சில நாள் தட்டித் தட்டி விரல் வலித்ததுதான் மிச்சம், தூக்கம் எட்டிப்பார்க்கவில்லை. ஆனால் மருந்து நாளில் குன்றேறும்போது கையோரத்தைத் தட்டிக்கொண்டே போனால் நெஞ்சடிப்பு தாங்கும்படி இருந்தது. நர்ஸின் செருப்புச் சத்தத்துக்கு இப்போதும் குமட்டியது, ஆனால் நாற்காலியைவிட்டு எழுந்து ஓடத் தோன்றவில்லை. விடுதிச் சாப்பாட்டையும் சாப்பிட ஆரம்பித்தாள். முதலில் நங்கோபி ஒரு வாய் தின்று காட்ட வேண்டும், அதன் பிறகுதான். நங்கோபி ஒவ்வொரு முறையும் பெரிய கவளமாக எடுத்துத் தின்று காட்டினாள். "இப்படியே காட்டிக் காட்டி உங்க பங்கையும் நானே தின்னுடுவேன்" என்பாள்.

மழைக்காலம் முடிவதற்குள் மருந்தும் முடிந்தது. கிளம்பும் காலையில் கவுதா விடுதியில் இருந்தவர்களிடம் ஒவ்வொருவராகப் போய்ச் சொல்லிக்கொண்டாள். முத்தேசியின் பாயருகே அதிக நேரம் உட்கார்ந்திருந்தாள். முத்தேசிக்கு மறுபடி முடி கொட்டியிருந்தது. "வாந்தி வருது பெரியம்மா" என்றாள். "வரட்டும், வந்தாத்தான் நல்லது" என்றாள் கவுதா. அந்தப் பெண் அடுத்த வருஷம் பிள்ளைகளிடம் திரும்பிப் போனாள். அதற்கப்புறம் எவ்வளவு காலம் இருந்தாள் என்று கவுதாவுக்குச் செய்தி வரவில்லை. கேட்டு ஆளனுப்பவும் அவளுக்குத் துணிவு வரவில்லை.

நங்கோபி வண்டிவரை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஏற்றிவிட்டு முழந்தாளிடப் போனாள். கவுதா தடுத்து, இடது கையை நீட்டினாள். நங்கோபி ஒரு கணம் அதைப் பார்த்தாள். பிறகு பிடித்துக் குலுக்கினாள்.

"மூட்டையில எல்லாம் சரியா இருக்கா பாத்துக்குங்க, அக்கா. அப்புறம் ஊர்ல போய் நங்கோபி எடுத்துட்டான்னு சொல்லாதீங்க."

"போய் எண்ணிப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன்" என்றாள் கவுதா.

ஊரில் அவள் ஆலை வேலைக்குத் திரும்பவில்லை. வலது கை அதற்கு ஒத்துழைக்கவில்லை. கககோயாவின் சப்பாத்திக் கடையில் உட்கார்ந்து, மாவுக்காரனின் தராசைக் கண்ணால் அளந்துகொண்டிருக்கிறாள். தூக்கம் எதனால் வந்தது என்று இன்றுவரை அவளுக்கு நிச்சயம் இல்லை. தட்டினதாலா, இசிகோவைப் பிடித்ததாலா, நங்கோபியிடம் பேசினதாலா, இல்லை மருந்து முடிந்ததாலா? "எல்லாத்தையும் சந்தேகப்படணும்" என்கிறாள். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போகவேண்டிய வாரம் வந்தால், கதவைத் தாழ் போட்டு, ஜன்னல் துணியை இழுத்துவிட்டு, ஒரு மூலையில் உட்கார்ந்து புருவத்தைத் தட்டிக்கொள்கிறாள். கதவைத் தாழ் போடுவது அண்டை வீட்டுக்காரிக்காக. பார்த்தால் சூனியம் வைக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவாள், அவளைக் கவுதாவுக்குத் தெரியாதா?